அசித்ரோமைசின்: பயனும் பாதுகாப்பும்

அசித்ரோமைசின் என்பது பாக்டீரியாத் தொற்றுகளுக்குத் தரப்படும் ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து ஆகும். இது மேக்ரோலைடு எனப்படும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் அசித்ரால், அசீ முதலிய பல வணிகப் பெயர்களில் மாத்திரையாகவும், குழந்தைகளுக்கான திரவ மருந்தாகவும், மருத்துவமனைகளில் இரத்தக்குழாய் வழியே செலுத்தும் ஊசி மருந்தாகவும் கிடைக்கிறது. பெயர்கள் வேறானாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்துதான்.

நாளைக்கு ஒரு மாத்திரை, மூன்று நாளில் வேலை முடிந்துவிடும் என்பதால் இது மக்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் விருப்பமான மருந்தாகிவிட்டது. 2019ஆம் ஆண்டில் இந்தியாவின் தனியார் மருந்து விற்பனையை ஆராய்ந்து, 2022இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான கட்டுரையின்படி, நாட்டில் மிக அதிகமாக உட்கொள்ளப்பட்ட நுண்ணுயிர் எதிர்ப்பி வடிவம் அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரையே. மொத்தப் பயன்பாட்டில் அதன் பங்கு 7.6 விழுக்காடு. இவ்வளவு மாத்திரைகளும் தேவையான இடத்தில்தான் செலவாயினவா என்பது வேறு கேள்வி. இந்த மருந்து உண்மையிலேயே உயிர்காக்கும் நோய்கள் சில உள்ளன. அவற்றில் இரண்டு, வட தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நன்கு பழகியவை.

தோற்றம்

மேக்ரோலைடு குடும்பத்தில் முதலில் பரவலாகப் பயன்பட்டது எரித்ரோமைசின். 1949இல் பிலிப்பீன்ஸ் நாட்டின் இலோய்லோ பகுதியைச் சேர்ந்த அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர், தாம் சேகரித்த மண் மாதிரியை அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார். அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் சுரந்த பொருளிலிருந்து எரித்ரோமைசின் பிரிக்கப்பட்டு, 1952இல் விற்பனைக்கு வந்தது. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு அது பெரிய வரமாக இருந்தது. ஆனால் இரைப்பை அமிலத்தில் அது எளிதில் சிதையும். நாளைக்கு மூன்று நான்கு வேளை விழுங்க வேண்டும். வயிற்று வலியும் குமட்டலும் சேர்ந்தே வரும்.

1980இல் அன்றைய யுகோஸ்லாவியாவின் சாகிரெப் நகரில் இயங்கிய பிளீவா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் எரித்ரோமைசினின் மூலக்கூறில் ஒரு மாற்றம் செய்தனர். 14 அணுக்கள் கொண்ட அதன் வளையத்துக்குள் ஒரு நைட்ரஜன் அணுவை நுழைத்து, 15 அணு வளையமாக்கினர். சுலோபோடன் ஜோக்கிச் தலைமையிலான அந்தக் குழுவில் கப்ரியேலா கோப்ரேகெல் உள்ளிட்ட பெண் வேதியியலாளர்களின் பங்கு பெரிது. இவ்வாறு பிறந்ததே அசித்ரோமைசின். பின்னர் அமெரிக்காவின் பைசர் நிறுவனம் உரிமம் பெற்று உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது. ஒரே ஓர் அணுவைச் சேர்த்ததால் மருந்து அமிலத்தைத் தாங்கியது. உடலில் தங்கும் காலமும் பலமடங்கு நீண்டது.

செயல்படும் விதம்

பாக்டீரியா உயிர்வாழப் புரதங்கள் தேவை. அவற்றைச் செய்யும் கூடம் ரிபோசோம். அதன் பெரிய பகுதியில் ஒரு குறுகிய சுரங்கவழி உண்டு. புதிதாக உருவாகும் புரத இழை அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அசித்ரோமைசின் அந்த வழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தறியில் நெய்த துணியைச் சுருட்ட வழியில்லாமல் போனால் மேற்கொண்டு ஓர் இழைகூட ஓட்ட முடியாது அல்லவா, அதுபோலவே புரத உற்பத்தி நின்றுபோகிறது. பெரும்பாலும் பாக்டீரியாவின் பெருக்கம் தடைபடும்; மீதியை உடலின் எதிர்ப்பாற்றல் பார்த்துக்கொள்ளும். மனித செல்லின் ரிபோசோம் அமைப்பு வேறு என்பதால் அது தப்பிவிடுகிறது. வைரசுக்குச் சொந்தமாக ரிபோசோமே கிடையாது. ஆகவே வைரஸ் நோய்களில் இந்த மருந்துக்கு இலக்கே இல்லை.

அசித்ரோமைசினின் தனித்தன்மை, அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. இரத்தத்தில் இதன் அளவு குறைவாகவே இருக்கும். மருந்து விரைவில் திசுக்களுக்குள்ளும், குறிப்பாக வெள்ளை அணுக்களுக்குள்ளும் புகுந்து, இரத்தத்தில் உள்ளதைப் போலப் பன்மடங்கு சேர்ந்துவிடுகிறது. தொற்று உள்ள இடத்தை நோக்கி வெள்ளை அணுக்கள் செல்லும்போது மருந்தும் உடன் செல்கிறது. அங்கிருந்து மெல்ல மெல்லத்தான் வெளியேறும். உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையும் காலம் எரித்ரோமைசினுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம். அசித்ரோமைசினுக்கு ஏறத்தாழ 68 மணி நேரம். மூன்றாம் நாள் கடைசி மாத்திரையை விழுங்கிய பிறகும் பல நாட்கள் திசுக்களில் மருந்து வேலை செய்துகொண்டிருப்பது இதனால்தான்.

இந்த நீண்ட தங்கல்தான் மருந்தின் பலம். இதன் மற்றொரு முகமும் உண்டு. கடைசி நாட்களில் மருந்தின் அளவு பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தப் போதாத நிலைக்கு இறங்கி, அந்தக் குறைந்த அளவிலேயே நெடுநாள் நீடிக்கிறது. வலுவற்ற பாக்டீரியாக்கள் அழிந்து, மருந்தைத் தாங்கும் வகைகள் தழைக்க இது ஏற்ற சூழல். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நலமாக இருந்த 224 தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. ஒரே ஒரு முறை அசித்ரோமைசின் அல்லது அதன் உறவான கிளாரித்ரோமைசின் உட்கொண்டவர்களின் தொண்டையில் மேக்ரோலைடுகளுக்கு அடங்காத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்கள் பெருகின. 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அவை முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தேவையில்லாமல் விழுங்கிய மூன்று மாத்திரைகளின் சுவடு அரையாண்டு இருந்தது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

செய்யாறு வட்டாரத்தில் இரண்டு காய்ச்சல்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு, ஆரணிப் பகுதிகளில் உழவும் நெசவும் அருகருகே நடக்கும் தொழில்கள். ஒருபுறம் நெல், நிலக்கடலை, கரும்பு வயல்கள். மறுபுறம் பட்டுத் தறிகள். நெய்த புடவைக்குத்தான் கூலி என்பதால், நெசவாளர் காய்ச்சலில் படுத்தால் பாவும் நிற்கும், வருமானமும் நிற்கும். விவசாயக் கூலிக்கும் அதே கணக்குத்தான். மருத்துவமனை வரிசையில் ஒரு நாளை இழப்பதைவிடக் கடையில் ஒரு மாத்திரை அட்டை வாங்குவது மலிவு என்று குடும்பங்கள் நினைப்பதில் வியப்பில்லை. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதைக் கீழே வரும் இரண்டு நோய்களும் காட்டும்.

முதலாவது, ஸ்க்ரப் டைபஸ். தமிழ்ச் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. உண்மையில் மாட்டில் ஒட்டும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதர், புல், வரப்பு ஓரங்களில் வாழும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருகிறது. காரணமான பாக்டீரியா ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்குப் புண் பலருக்குத் தோன்றும். அது பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் அடிப்பகுதி, தொடையிடுக்கு ஆகிய மறைவிடங்களில் இருக்கும். அதனால் நோயாளிக்கே தெரியாமல் போகும். ஆடையை விலக்கித் தேடினால்தான் கிடைக்கும் அந்தப் புண், பல பரிசோதனைகளை மிஞ்சிய தடயம். உடலில் அப்படி ஒன்று இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் குளிர்மாதங்களில் இந்நோய் மிகும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட எச்சரிக்கையில் வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்கள் இடம்பெற்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இலண்டன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் ஏறத்தாழ 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2025இல் வெளியானது. ஊர்ப்புற மக்களில் ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் வரை இந்தத் தொற்றுக்கு ஆளாகக்கூடும் என்று அது காட்டியது. பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வராமல் கடந்துவிடும். வருபவர்களில் சிலருக்கு நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

ஓரியன்ஷியா பாக்டீரியா மனித செல்லுக்குள் புகுந்து ஒளிந்து வாழ்வது. அமாக்சிசிலின், செபிக்சிம், செப்ட்ரியாக்சோன் போன்ற, பாக்டீரியாவின் சுவரைத் தாக்கும் மருந்துகள் இதனிடம் பலிக்காது. செல்லுக்குள் செல்லும் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் பலிக்கும். வழக்கமாக டாக்சிசைக்ளினே முதல் தேர்வு. கருவுற்ற பெண்களுக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது. (குழந்தைகளுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பல் கறைபடும் என்ற பழைய அச்சம், குறுகிய காலச் சிகிச்சைக்குப் பொருந்தாது என்று இப்போது அறியப்பட்டுள்ளது.)

நோய் முற்றியவர்களுக்கு எந்த மருந்து மேல் என்ற கேள்விக்கு விடை கண்டதும் வேலூரிலிருந்து வழிநடத்தப்பட்ட ஓர் ஆய்வுதான். இந்தியாவின் 7 மருத்துவமனைகளில், கடுமையான ஸ்க்ரப் டைபஸ் கண்ட 794 நோயாளிகள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு டாக்சிசைக்ளின், இன்னொன்றுக்கு அசித்ரோமைசின், மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து, 7 நாட்கள் இரத்தக்குழாய் வழியே செலுத்தப்பட்டன. 28 நாளுக்குள் இறப்பு, 7ஆம் நாளிலும் தீராத சிக்கல், 5ஆம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், இரு மருந்தும் பெற்ற பிரிவில் 33 விழுக்காடு. டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காடு. இறப்பு எண்ணிக்கையை மட்டும் தனியே எடுத்தால் பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 2023 மார்ச்சில் இது வெளியானது. செய்யாற்றிலோ ஆரணியிலோ நோய் முற்றிய ஒருவருக்கு மருத்துவமனையில் இரண்டு மருந்துகளும் ஏற்றப்பட்டால், அதன் பின்னணி இந்த ஆய்வு. வீட்டில் மாத்திரை விழுங்கிச் சமாளிக்கும் கட்டம் அதுவல்ல.

இரண்டாவது, டைபாய்டு. மாசுபட்ட குடிநீர், உணவு வழியாகப் பரவும் இந்தக் காய்ச்சலின் பாக்டீரியாவும் வெள்ளை அணுக்களுக்குள்ளேயே குடியிருப்பது. 2017 முதல் 2020 வரை இந்தியாவில் நடந்த டைபாய்டு கண்காணிப்பு ஆய்வில் டெல்லி, கொல்கத்தா, வேலூர் ஆகிய நகரப் பகுதிகளில் ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1,173 வரை நோயாளிகள் கண்டறியப்பட்டனர். ஒரு காலத்தில் கைகொடுத்த சிப்ரோபிளாக்சசின் வகை மருந்துகள் இந்திய டைபாய்டு பாக்டீரியாவிடம் இப்போது பெரும்பாலும் எடுபடுவதில்லை. வாய்வழி மருந்துகளில் நம்பத்தக்கவையாக மிஞ்சியவற்றுள் முதன்மையானது அசித்ரோமைசின்.

மூன்று நாள் அட்டையின் கணக்கு தவறுவது இங்கேதான். டைபாய்டுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மி.கி.; அதிக அளவாக 1 கிராம்; 7 நாட்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 500 மி.கி. மாத்திரைகள் 14 ஆகும். கடையில் வாங்கிய மூன்று மாத்திரைகள் இதில் கால் பங்குகூட இல்லை. டைபாய்டு பாக்டீரியாவை அவை அழிக்காது. மருந்தைத் தாங்கும் பயிற்சியை மட்டும் கொடுக்கும். மேலும், சரியான அளவில் கொடுத்தாலும் டைபாய்டுக் காய்ச்சல் இறங்க நான்கு முதல் ஆறு நாட்கள் பிடிக்கும். இரண்டாம் நாளே காய்ச்சல் விடவில்லை என்று மருத்துவரையும் மருந்தையும் மாற்றுவது சிகிச்சையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும். மூச்சுத்திணறல், மயக்கம், ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலி ஆகியவை தோன்றினால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

டைபாய்டை உறுதிசெய்ய, நுண்ணுயிர் எதிர்ப்பி தொடங்கும் முன் இரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனை செய்வதே நம்பகமான வழி. பல ஆய்வகங்களில் செய்யப்படும் விடால் சோதனை, பழைய தொற்று இருந்தாலும் வேறு காய்ச்சல் இருந்தாலும் நேர்மறை காட்டக்கூடியது. முன்பே அரைகுறையாக அசித்ரோமைசின் விழுங்கியிருந்தால் வளர்ப்புச் சோதனையில் பாக்டீரியா சிக்காமல் போகலாம். நோயாளி கடையில் வாங்கிச் சாப்பிட்டதைச் சொன்னால்தான் மருத்துவர் சோதனை முடிவைச் சரியாகப் படிக்க முடியும். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று மறைப்பதால் இழப்பு நோயாளிக்கே.

எதற்குப் பயன்படாது

சளி, மூக்கொழுகல், சாதாரண இருமல், இன்புளுவென்சா, டெங்கு ஆகியவை வைரஸ் நோய்கள். இவற்றுக்கு அசித்ரோமைசின் பயனற்றது. மழைக்காலத்தில் டெங்குவும் ஸ்க்ரப் டைபசும் ஒரே பருவத்தில் வருவதால் குழப்பம் எளிது. அதனால்தான் பரிசோதனை தேவைப்படுகிறது.

கொரோனாப் பெருந்தொற்றில் இந்த மருந்து வீடுதோறும் புழங்கியது. 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் இந்தியாவில் வழக்கத்தைவிட 3.8 கோடி வேளை அசித்ரோமைசின் கூடுதலாக விற்றதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதே காலத்தில் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் அசித்ரோமைசின் பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் 28 நாள் இறப்பு ஒரே 22 விழுக்காடாக இருந்தது. முடிவு 2021 பிப்ரவரியில் வெளியானது. அதற்குள் மாத்திரைகள் விற்றுத் தீர்ந்திருந்தன.

தொண்டைவலியும் பெரும்பாலும் வைரசால் வருவதே. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வந்தது என்று மருத்துவர் கருதினால் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின்தான் முதல் மருந்து. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கே அசித்ரோமைசின் மாற்று. இது அற்ப வேறுபாடு அன்று. அந்தத் தொற்று சரியாக அழியாமல் விட்டால் சில குழந்தைகளுக்கு வாதக் காய்ச்சலும் இதய வால்வு நோயும் வரும்.

உலக சுகாதார நிறுவனம் நுண்ணுயிர் எதிர்ப்பிகளை மூன்றாகப் பிரித்துள்ளது: முதலில் பயன்படுத்தத்தக்கவை, கவனத்துடன் பயன்படுத்த வேண்டியவை, கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைக்க வேண்டியவை. அமாக்சிசிலினும் டாக்சிசைக்ளினும் முதல் பிரிவில் உள்ளன. அசித்ரோமைசின் இரண்டாம் பிரிவில் உள்ளது. இதனுடன் செபிக்சிமையோ ஓபிளாக்சசினையோ ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கும் கலவைகளை அந்நிறுவனம் பரிந்துரைப்பதே இல்லை.

உட்கொள்ளும் முறை

அளவும் நாட்களும் நோய்க்கு நோய் வேறுபடும். பெரியவர்களின் சுவாசத் தொற்றுக்கு நாளைக்கு 500 மி.கி. வீதம் 3 நாட்கள் என்பது பரவலான முறை. வேறு சில தொற்றுகளுக்கு ஒரே ஒரு வேளை போதும். டைபாய்டின் கணக்கு மேலே சொல்லப்பட்டது. ஒருவரின் சீட்டை வைத்து இன்னொருவர் வாங்கக் கூடாது என்பதற்கு இந்த வேறுபாடே போதிய காரணம்.

மாத்திரையை உணவுக்கு முன்போ பின்போ எடுக்கலாம். வயிறு புரட்டுபவர்களுக்கு உணவுக்குப் பின் எடுப்பது நல்லது. கேப்சூலாக இருந்தால் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுப்பது மறதியைத் தவிர்க்கும். அலுமினியம், மக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துகள் அசித்ரோமைசினை உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கியிருந்தால் தவறியதை விட்டுவிட வேண்டும். இரட்டிப்பாக எடுக்கக் கூடாது.

குழந்தைகளுக்கான மருந்து பல நிறுவனங்களிடம் தூளாக வருகிறது. கொதிக்கவைத்து ஆறிய நீரைப் புட்டியில் குறித்த கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொடுக்கும் முன் மறுபடி குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் வெறும் நீரும் கடைசி நாள் அடர்ந்த மருந்துமாகப் போய்விடும். 5 மி.லி.யில் 100 மி.கி., 200 மி.கி. என இரு வலிமைகளில் கிடைப்பதால், சென்றமுறை கொடுத்த அளவை அப்படியே கொடுப்பது இரட்டிப்பாகவோ பாதியாகவோ முடியலாம். சமையலறைக் கரண்டியை விடுத்து, உடன் வரும் அளவு மூடியையோ ஊசியில்லாச் சிரிஞ்சையோ பயன்படுத்த வேண்டும். புட்டியில் குறித்த நாட்களுக்குப் பின் மீந்ததை வைத்திருக்கக் கூடாது.

எதிர்ப்புத் திறனும் சட்டமும்

பாக்டீரியாக்கள் அசித்ரோமைசினை இரண்டு முக்கிய வழிகளில் ஏமாற்றுகின்றன. ரிபோசோமில் மருந்து ஒட்டும் இடத்தைச் சற்றே மாற்றிக்கொள்கின்றன, அல்லது உள்ளே வந்த மருந்தை உந்தி வெளியே தள்ளுகின்றன. வங்காளதேசத்தில் அசித்ரோமைசினுக்கு அடங்காத டைபாய்டு பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள் 2019இல் அதன் காரணத்தை வெளியிட்டனர். மருந்தை வெளித்தள்ளும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. பின்னர் இந்தியாவிலும் அத்தகைய பாக்டீரியா பதிவானது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய கடும் எதிர்ப்பு டைபாய்டுக்கு எஞ்சியிருக்கும் ஒரே நம்பகமான வாய்வழி மருந்து அசித்ரோமைசின்தான். அந்த வகையும் இந்த மாற்றமும் ஒரே பாக்டீரியாவில் சேர்ந்தால், டைபாய்டு வந்த ஒவ்வொருவரையும் மருத்துவமனையில் சேர்த்து ஊசி போட வேண்டிவரும். நாள்கூலிக் குடும்பத்துக்கு அதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

இந்திய மருந்து விதிகளின் எச் அட்டவணையில் அசித்ரோமைசின் இடம்பெறுகிறது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். 2012 ஆகஸ்டில் சென்னையில் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், நுண்ணுயிர் எதிர்ப்பி விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன்பின் சில மருந்துகளுக்கு எச்1 என்ற கடுமையான அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அவற்றை வாங்குபவர், எழுதிக்கொடுத்த மருத்துவர் ஆகியோரின் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தத் தொடக்கப் பட்டியலில் செபிக்சிம் சேர்ந்தது, அசித்ரோமைசின் சேரவில்லை. நாட்டில் மிக அதிகம் விற்கும் மாத்திரை பதிவேட்டுக்கு வெளியே நின்றது விந்தைதான். 2016இல், மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் சீட்டின்றி வாங்கக் கூடாது என்ற விழிப்புணர்வு இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது. அசித்ரோமைசின் அட்டையிலும் அந்தக் கோட்டைக் காணலாம்.

பக்க விளைவுகளும் எச்சரிக்கைகளும்

வயிற்றுப்போக்கு, குமட்டல், வயிற்றுவலி ஆகியவை சிலருக்கு வரும். பெரும்பாலும் தாமாகவே அடங்கும். தோலில் தடிப்பு, முகம் அல்லது உதடு வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை ஒவ்வாமையின் அடையாளம். மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்து உடலில் நெடுநேரம் தங்குவதால், நிறுத்திய பிறகும் ஒவ்வாமை திரும்பத் தலைகாட்டக்கூடும். கண் மஞ்சளித்தால், சிறுநீர் அடர்நிறமானால் கல்லீரல் பாதிப்பை நினைக்க வேண்டும்.

அரிதானாலும் முக்கியமானது இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவது. அசித்ரோமைசின் இதயத்தின் மின்னோட்டச் சுழற்சியைச் சற்று நீட்டிக்கும்; ஈ.சி.ஜி.யில் இது கியூ.டி. இடைவெளி நீள்வதாகத் தெரியும். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து இலட்சம் பேர் ஐந்து நாள் சிகிச்சை பெற்றால், அமாக்சிசிலின் பெற்றவர்களோடு ஒப்பிட, 47 இதய இறப்புகள் கூடுதலாகலாம் என்று கணக்கிட்டது. அடுத்த ஆண்டே அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. ஆரோக்கியமான இளைஞருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இதய நோய் உள்ள முதியவர், பொட்டாசியம் அல்லது மக்னீசியம் குறைந்தவர் ஆகியோருக்கு அப்படியல்ல. வாந்திக்காகச் சேர்த்துத் தரப்படும் டாம்பெரிடோன், ஆண்டன்செட்ரான் மருந்துகளும், மூட்டுவாதத்துக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயினும் இதே விளைவைக் கொண்டவை. காய்ச்சலும் வாந்தியுமாக வருபவருக்கு இவை ஒன்றாகச் சேர்வது எளிது என்பதால், ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின், இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். தசைச்சோர்வு நோயான மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர்களுக்கு நோய் கூடலாம்.

பிறந்து ஆறு வாரத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கும்போது தனிக் கவனம் தேவை. இரைப்பையின் வெளிவாய் தடித்து அடைபடும் கோளாறு சில குழந்தைகளுக்கு வந்துள்ளது. பாலூட்டிய ஒவ்வொரு முறையும் பீய்ச்சியடித்ததுபோல வாந்தி எடுத்தால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்த மருந்தின் பக்க விளைவையும் பொதுமக்களே நேரடியாகத் தெரிவிக்க வழி உண்டு. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நெறிமுறை ஆணையம் நடத்தும் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருந்தின் பெயர், அட்டையில் உள்ள தொகுப்பு எண், எடுத்த அளவு, விளைவு தோன்றிய நாள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் பதிவு எளிதாகும்.